மேசை மேல் லோகோ ஷெட்: வேலம்பாளையம் குறிப்புகள்

எண்ணும் தேதியும்

பெட்டியோடு வாங்கும் மாடல் இன்ஜின் ஒரு வகுப்பைத்தான் காட்டும். அட்டையில் 'வாப்-4' என்று போட்டிருக்கும். (டபிள்யூ.ஏ.பி. என்பது ரயில் ரசிகர்கள் வாயில் 'வாப்' ஆகிவிட்டது. அகலப்பாதை, ஏ.சி. மின்சாரம், பயணிகள் வண்டி என்று மூன்று எழுத்துக்கும் பொருள்.) தண்டவாளத்தில் ஓடுவதோ வகுப்பு இல்லை, எண். பெரும்பாலும் 22 என்று தொடங்கும் ஐந்திலக்க எண்கள். ஒன்றுக்கு முன்னால் இருக்கும் மாட்டுத் தடுப்புக் கம்பி லேசாக உள்வாங்கியிருக்கும். ஒன்றுக்கு ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் புது ரப்பரோடு கறுத்துத் தெரியும். ஒன்று ஓவர்ஹாலுக்குப் போய் நேற்றுத் திரும்பியதுபோல மினுக்கும். அடுத்தது பல மழைக்காலம் பார்த்திருக்கும்.

நுணுக்க வேலை என்பது வகுப்பை எண்ணாக்கும் வேலை. கத்தியை எடுப்பதற்கு முன் நோட்டில் இரண்டு வரி எழுதியாக வேண்டும்: எந்த எண், எந்தத் தேதியில் இருந்தபடி. இது முடிவாகாமல் ஒட்டுகிற உதிரிகள் நான்கு வண்டியிலிருந்து கழற்றி ஒரே வண்டியில் மாட்டியதுபோலத்தான் இருக்கும்.

ஊர்

எங்கள் 15 வேலம்பாளையம் (15-உம் ஊர்ப் பெயரில் சேர்த்திதான்) முன்பு தனி நகராட்சி. 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. பக்கத்தில் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையம். சுற்றிலும் நிட்டிங், கட்டிங், பிரிண்டிங், செக்கிங், பேக்கிங். என் பிழைப்பும் பிரிண்டிங் பட்டறையில்தான்.

மாடல் ரயிலுக்கென்று கடை இங்கே கிடையாது. ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய கருவிகளில் முக்கால்வாசி தெருவுக்குத் தெரு கிடக்கிறது. பிரிண்டிங் ஸ்கிரீன், அதை எக்ஸ்போஸ் செய்யும் விளக்குப் பெட்டி, ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர், கறை எடுக்கும் கன்னுக்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரஸர், துணியின் இழை எண்ணும் உருப்பெருக்கிக் கண்ணாடி, சாயத்தின் ஷேட் பார்க்கும் லைட் பாக்ஸ். வெளிநாட்டு மாடல்காரர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பார். இங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை.

அளவுக் கணக்கு

நம் அகலப்பாதை 1676 மி.மீ. உலகத்தில் அதிகம் விற்கும் மாடல் எச்.ஓ.; அளவு 1:87, பாதை 16.5 மி.மீ. பதினாறரையை 87-ஆல் பெருக்கினால் 1435 வரும். அது ஐரோப்பாவும் அமெரிக்காவும் வைத்திருக்கும் ஸ்டாண்டர்டு கேஜ். 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.26. ஆகவே எச்.ஓ. தண்டவாளத்தில் நிற்கும் எந்த இந்திய இன்ஜினும் கிட்டத்தட்ட 2.8 மி.மீ. காலைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. முகப்பிலிருந்து பார்த்தால் மேலே அகன்று கீழே ஒடுங்கி, ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும்போல இருக்கும்.

இலங்கைக்கும் இதே 1676, இதே சிக்கல். 1954 முதல் கனடாவிலிருந்து அங்கே வந்து, ஆல்பர்ட்டா, ஒன்டாரியோ என்று கனடிய மாகாணப் பெயர் தாங்கி ஓடிய எம்2 டீசல்களை மாடல் செய்பவருக்கும் 19.26 தான் கணக்கு.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இது பழைய வழக்கு. அவர்களுடைய ஓ.ஓ. அளவு 1:76.2, ஆனால் பாதை அதே 16.5. பொறுக்காதவர்கள் 18.2 மி.மீ.க்குப் போனார்கள், அதற்கும் மேலே போனவர்கள் 18.83-இல் நின்றார்கள். அந்தப் பாதைக்கு 'பி4' என்று பெயர். இப்போது 1676-ஐ 18.83-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 89. இந்திய இன்ஜினை 1:87-க்குப் பதில் 1:89-இல் செய்து பி4 தண்டவாளத்தில் வைத்தால் பாதை அகலம் துல்லியமாகப் பொருந்திவிடும். 20.562 மீட்டர் நீளமுள்ள வாப்-7, 1:87-இல் 236 மி.மீ.; 1:89-இல் 231. ஐந்து மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்தால் கால் நேராகிவிடும். சக்கரமும் பாயிண்டும் (தண்டவாளம் பிரியும் இடம்) கையால் கட்டத் துணிந்தவர்களுக்கான வழி இது. மற்றவர்கள் பதினாறரையிலேயே ஓட்டிவிட்டுப் பக்கவாட்டில் நின்று பார்க்கலாம்.

மீட்டர் கேஜ்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5. எச்.ஓ.எம். பாதை 12 மி.மீ. அரை மில்லிமீட்டர் பிசகு எவர் கண்ணுக்கும் படாது. பொள்ளாச்சிப் பக்கம் ஓடிய ஒய்.டி.எம்.-4 டீசலைச் செய்ய விரும்புகிறவருக்குப் பாதைத் தொல்லையே இல்லை.

தண்டவாள உயரம்: 60 கிலோ ரயில் நிஜத்தில் 172 மி.மீ. 1:87-இல் 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கோடு 100 என்று விற்பது 2.54 மி.மீ.; தடித்துத் தெரியும். கோடு 83 (2.1), கோடு 75 (1.9) இரண்டில் ஒன்று போதும்.

முதலில் ஓட வேண்டும்

நுணுக்கம் என்றதும் பெயின்ட் பாட்டிலைத் திறக்கிறவர்கள் அதிகம். வரிசை அதுவல்ல. ஓட்டம் சரியாகிற வரைக்கும் பாடியைத் தொடக் கூடாது. கைப்பிடிக் கம்பி, வைப்பர், ஹோஸ் எல்லாம் ஒட்டிய பிறகு கியரைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தால் பாதி கையோடு வந்துவிடும்.

வேகத்துக்குக் கணக்கு உண்டு. 110 கி.மீ. வேகம் 1:87-இல் நொடிக்கு 35 செ.மீ. பத்து கி.மீ. வேகம் நொடிக்கு 3.2 செ.மீ.; அதாவது ஒரு மீட்டர் தண்டவாளத்தைக் கடக்க 31 நொடி. மேசையில் ஒரு மீட்டருக்கு இரண்டு கோடு போட்டு போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்க வேண்டும். 31 நொடியில் துள்ளாமல், நடுவில் நிற்காமல் போகிற இன்ஜின் மட்டுமே நுணுக்க வேலைக்குத் தகுதி. வேகமாக எந்த இன்ஜினும் ஓடும்.

நின்று நின்று போவதற்குக் காரணம் பெரும்பாலும் மோட்டார் இல்லை, மின்சாரம் எடுக்கும் தகடு. பாஸ்பர் பிரான்ஸ் தகடு ஒவ்வொன்றும் சக்கரத்தின் முதுகை லேசாகத் தொட வேண்டும். அழுத்தினால் பிரேக் ஆகிவிடும். தொடாவிட்டால் பாயிண்ட் மேல் செத்து நிற்கும். ஆறு ஆக்சில் இன்ஜினில் பன்னிரண்டு சக்கரமும் கரண்ட் எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, பின்முதுகு முதல் பின்முதுகு வரை, 14.4 மி.மீ. சுற்றி இருக்க வேண்டும். வெர்னியர் வைத்து ஆறு ஆக்சிலையும் பார்க்கவும். பாயிண்டில் தடம்புரள்வதற்கு நம் ஆட்கள் தண்டவாளத்தைத் திட்டுவார்கள். ஒரு ஆக்சில் மட்டும் உள்ளே நகர்ந்திருக்கும்.

பவர் மெஷினில் கிளட்ச் மோட்டார் போய் சர்வோ வந்தபோது டெய்லருக்குக் கிடைத்தது எதுவோ அதுதான் மூன்று போல் மோட்டாரிலிருந்து ஐந்து போலுக்கு மாறும்போது நமக்குக் கிடைப்பது: மெதுவாகத் தொடங்குவது.

டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு டிகோடர் போட்டவர்களுக்கு, அதில் சி.வி. எனப்படும் அமைப்பு எண்கள்: சி.வி. 2 கிளம்பும் அழுத்தம், 3 வேகமெடுப்பது, 4 வேகம் குறைவது, 5 உச்ச வேகம், 6 நடு வேகம். முதலில் 3-ஐயும் 4-ஐயும் பூஜ்யத்தில் வைத்து 2-ஐச் சரிசெய்ய வேண்டும். சக்கரம் அசையத் தொடங்கும் புள்ளி கிடைத்த பிறகு 5, 6. கடைசியில்தான் 3, 4. தலைகீழாகச் செய்தால் எந்த எண் என்ன செய்கிறதென்று கண்டுபிடிக்க முடியாது. வாப்-4 பெரிய எக்ஸ்பிரஸோடு நிலையத்தை விட்டுக் கிளம்புவதை ஒருமுறை நின்று கவனித்தால் சி.வி. 3-க்கு என்ன எண் கொடுப்பதென்று தெரிந்துவிடும். அவ்வளவு எடையை இழுக்கிற எதுவும் வெடுக்கென்று கிளம்பாது.

பஞ்சு

இந்த ஊர் மாடல்காரனுக்கு மட்டுமே உள்ள எதிரி. நிட்டிங் மெஷின் ஓடும் தெருவில் ஜன்னலைச் சாத்தினாலும் காற்றில் பஞ்சு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. தண்டவாளத்தின் மேல் படிந்து, ஓடும் சக்கரத்தில் ஒட்டி, ஆக்சிலில் நூலாகச் சுற்றி, கியர் பெட்டிக்குள் போய் எண்ணெயோடு சேர்ந்து திரியாகிவிடும். அடித்தட்டைக் கழற்றினால் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு வளையம். சின்ன இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து, சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டினால் முழுசாகக் கழன்று வரும். கத்தியால் வெட்டினால் துண்டு துண்டாகி உள்ளே போய்விடும்.

அதனால் மூன்று பழக்கம். ஓட்டாத நேரத்தில் தண்டவாளத்தின் மேல் பாலித்தீன் விரிப்பு. எண்ணெய் ஒரு இடத்துக்கு ஊசி முனையில் ஒரு சொட்டுக்குக் குறைவு. மிச்ச எண்ணெய்தான் பஞ்சைக் கூப்பிடுகிறது. சக்கரம் துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம், அதுவே பஞ்சு கொட்டும். ஓரம் மடித்துத் தைத்த பழைய வேட்டித் துண்டில் ஐசோபுரோபில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும்.

நிட்டிங் மெஷினுக்கு ஊற்றும் ஊசி எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. அது துணியில் பட்டாலும் கறை நிற்காமல் கழுவிப் போகும்படி செய்த எண்ணெய். பிளாஸ்டிக் கியருக்கென்று செய்ததல்ல. உடைந்த கியர் ஒன்றை அதில் ஊறப்போட்டு, ஒரு மாதம் கழித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுக்கவும்.

எடை

அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. 1935-இல் தொடங்கியது. எச்.ஓ. பெட்டிக்கு அவர்கள் சொல்லும் எடை: ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். பழைய வகையான ஐ.சி.எப். பெட்டி 21.337 மீட்டர், 1:87-இல் 245 மி.மீ. கணக்குப் போட்டால் 165 கிராம். கையால் செய்த ஃபோம் ஷீட் பெட்டிகள் இதில் பாதிகூட இருக்காது. வளைவில் உள்பக்கம் சாய்ந்து விழும். தரைத்தட்டுக்குக் கீழே இரும்பு வாஷர் ஒட்டுவது பழைய வைத்தியம். இன்ஜினுக்குள் ஈயம் வைக்கும்போது இரண்டு போகிக்கும் (ஆக்சில்களைத் தாங்கும் சட்டம்) சமமாகப் பங்கிட வேண்டும். விரல் மேல் நடுவில் வைத்தால் தராசு மாதிரி நிற்க வேண்டும்.

கூரை

நிஜ இன்ஜினை நாம் பிளாட்பாரத்தில் நின்று, கீழிருந்து பார்க்கிறோம். மாடலை மேசைக்கு மேலே நின்று பார்க்கிறோம். இந்த வித்தியாசத்தை யோசிக்காமல் வேலை செய்கிறவர்கள் பக்கவாட்டுக்கு மாதக்கணக்கில் பாடுபட்டு, கூரையைச் சாம்பல் பெயின்ட் அடித்து விட்டுவிடுகிறார்கள். மாடலில் முதலில் கண்ணில் படுவது கூரைதான். மின்சார இன்ஜினுக்கு அழகே அங்கேதான்: இரண்டு முனையிலும் பான்டோகிராப், நடுவே சர்க்யூட் பிரேக்கர், 25,000 வோல்ட் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்கள், அவற்றை இணைக்கும் செம்புக் குழாய்.

படம் தேடினால் பக்கவாட்டுப் படம் ஆயிரம் வரும். கூரைப் படம் பத்து வராது. ரயில் நிலைய நடைமேம்பாலம், ரோட்டு மேம்பாலம் இரண்டும்தான் வழி. மேம்பாலத்தில் தடுப்பு வலைக்கு வெளியே கையையோ கம்பியையோ நீட்டக் கூடாது. 25,000 வோல்ட் தொட்டால்தான் பிடிக்கும் என்றில்லை, பக்கத்தில் போனாலே போதும்.

பான்டோகிராப் எது தூக்கியிருக்கும்? சாதாரணமாக, போகும் திசைக்குப் பின்பக்கத்தில் இருப்பது. முன்னது தூக்கியபடி கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் மாடல்களைக் கண்காட்சிகளில் பார்க்கலாம். வண்டி பின்னோக்கிப் போகிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

கூரைக்கு ஏற்றும் அழுக்கும் தனி. பான்டோகிராப்பின் கார்பன் பட்டை கம்பியில் உரசிக் கொட்டும் கறுப்புத் தூள் கூரை நடுவே நீளவாக்கில் படியும். போகிப் பக்கம் படிவது பிரேக் கட்டையின் இரும்புத் தூள், அது செம்பழுப்பு. இரண்டையும் ஒரே கறுப்பில் அடித்தால் கரி மூட்டை மாதிரி ஆகும். மேலே கறுப்பு, கீழே செம்பழுப்பு, நடுப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஷெட்டில் கழுவுகிறவர் கை எட்டுவது அந்த நடுப்பகுதிதான்.

வெள்ளை எழுத்து

இன்ஜின் பக்கவாட்டில் எண் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அதோடு ஷெட் பெயர், ஓவர்ஹால் தேதி, எடை, பிரேக் வகை. நிஜத்தில் 15 செ.மீ. உயரமுள்ள எழுத்து 1:87-இல் 1.7 மி.மீ. தண்ணீரில் நனைத்து ஒட்டும் டீக்கால் தாளில் சாதாரண லேசர் பிரிண்டரால் கறுப்பு அடிக்கலாம். சிவப்பு உடலில் வெள்ளை எழுத்துக்கு அது உதவாது. பிரிண்டரில் வெள்ளை கிடையாது.

அங்கேதான் பட்டறை கைகொடுக்கிறது. பனியனுக்குப் போடும் மெஷ்ஷில் இந்த எழுத்து நிற்காது. ஓட்டைகள் பெரிது, எழுத்தின் வால் காணாமல் போகும். சென்டிமீட்டருக்கு 120 இழைக்குக் குறையாத மெஷ் வேண்டும். ஃபிலிம் அடர்த்தியாக இருக்க வேண்டும். துணிக்குப் போடும் பேஸ்ட் ஆகாது. பிளாஸ்டிக், ஸ்டிக்கருக்குப் போடும் சால்வென்ட் இங்க். டீக்கால் தாளில் ஒரே இழுப்பு. இரண்டாவது முறை ஸ்குயிஜி போனால் 8-இன் கண் அடைந்துவிடும். காய்ந்ததும் மேலே கிளியர் லாக்கர் ஒரு கோட். பிறகு இழை எண்ணும் கண்ணாடியில் ஒவ்வோர் எண்ணையும் பார்த்து, நல்லதை மட்டும் வெட்டி எடுப்பது. ஒரு தாளில் அதே எண்ணை முப்பது தடவை அடித்து வைத்தால் இரண்டு தேறும்.

கழுத்து லேபிளுக்குப் போடும் ஹீட் டிரான்ஸ்ஃபரை இதற்குப் பயன்படுத்தலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஃபியூசிங் சூடு 150 டிகிரி பக்கம். பாலிஸ்டைரின் 100-ஐ நெருங்கும்போதே இளகும். லேபிள் ஒட்டும், இன்ஜின் இருக்காது.

சிவப்பு

வாப்-4-இன் சிவப்பு எது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. புதிதாக அடித்தது ஒன்று, கோடை இரண்டு தாண்டியது ஒன்று. அதோடு சின்ன உருவத்தில் எந்த நிறமும் நிஜத்தைவிட அடர்ந்து தெரியும். அதே டப்பாப் பெயின்டை மாடலுக்கு அடித்தால் ரத்தச் சிவப்பாக இருக்கும். கொஞ்சம் வெள்ளையோ சாம்பலோ கலந்து வெளுக்க வேண்டும்.

சாயப் பட்டறைக்காரர்கள் பையருக்கு லேப் டிப் (சாய மாதிரி) அனுப்பும்போது லைட் பாக்ஸில் வைத்துப் பகல் வெளிச்சம், கடை விளக்கு இரண்டிலும் பார்ப்பார்கள். பகலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சிவப்பு, டியூப்லைட்டில் ஒன்று ஆரஞ்சாகவும் ஒன்று ஊதாவாகவும் பிரிந்துவிடும். மாடலுக்கும் அதே சோதனை தேவை. வெயிலில் எடுத்த போட்டோவைப் பார்த்துக் கலந்த நிறம், மாடல் நிரந்தரமாக இருக்கப்போகும் எல்.இ.டி. விளக்கின் கீழே வேறாக இருக்கும். எந்த விளக்கின் கீழ் வைக்கப்போகிறோமோ அங்கே நின்று நிறம் கலக்க வேண்டும்.

பித்தளைத் தகடு

பக்கவாட்டுக் காற்றுச் சல்லடை, படிக்கட்டு, வைப்பர் மூன்றையும் பிளாஸ்டிக்கில் செய்தால் தடித்துத் தெரியும். பித்தளைத் தகட்டில் அரித்து எடுப்பதே சரி. 0.2 மி.மீ. தகடு தேடி அனுப்பர்பாளையத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். பெரியவர் தகட்டை விரலால் நெளித்துப் பார்த்தார்.

"ஏனுங் கண்ணு, இத்தினியூண்டு தகட்டுல குடமா பண்ண முடியும்? என்னத்துக்கு இது?"

"ரயில் இன்ஜினுக்கு ஜன்னல் சல்லடைங்க."

"ஓடுமா?"

"ஓடுமுங்க."

"ஓடுச்சுன்னா சரி" என்று சொல்லி, எடை போடாமலே கொடுத்தார்.

வழி எளிது. தகட்டைச் சுத்தமாகத் துடைத்து, அரிக்கக் கூடாத இடத்தில் ஸ்கிரீன் வழியாக ரெசிஸ்ட் இங்க் அடித்து, பின்பக்கம் முழுக்க மூடி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். கரைசலை லேசாகச் சூடாக்கினால் சீக்கிரம் அரிக்கும்.

வேலை முடிந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அதில் கரைந்திருப்பது செம்பு. சாயக் கழிவால் நொய்யலுக்கு வந்த கேடும், ஒரத்துப்பாளையம் அணை பட்ட பாடும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதும் தெரிந்த ஊர் இது. அரை லிட்டர்தானே என்ற பேச்சை இங்கே யாரும் பேசக் கூடாது. சலவைச் சோடா போட்டு வண்டல் படியவிட்டு, வண்டலைக் காயவைத்துத் தனியாகக் கட்டி வைத்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும்.

முகப்பில் பார்க்க வேண்டியவை

முகப்பின் கீழ்ப்பகுதிக்கு ஒரு சின்னப் பட்டியல் போதும்.

ஹோஸ் பைப் இரண்டு ஜோடி. பிரேக் பைப் பச்சை, ஃபீட் பைப் வெள்ளை. முதலாவதில் 5 கிலோ அழுத்தம், இரண்டாவதில் 6. இரண்டையும் கறுப்பாக அடித்துவிடாதீர்கள். பழைய ஹெட்போன் ஒயரின் உள்கம்பி இதற்குச் சரியான தடிமன்.

கைப்பிடிக் கம்பி 0.4 மி.மீ. பித்தளை. துணியில் விலை அட்டை மாட்டும் டேக் பின் பார்க்க அதே தடிமன்தான். ஆனால் பெயின்ட் பிடிக்காது, உரிந்துவிடும்.

நடுவில் சி.பி.சி. (சென்டர் பஃபர் கப்ளர்), இரண்டு பக்கமும் பஃபர். ஐ.சி.எப். பெட்டிக்கு ஸ்குரூ கப்ளிங்கும் பஃபரும் வேண்டும், புதிய வகையான எல்.எச்.பி. பெட்டிக்கு சி.பி.சி. மட்டும். இன்ஜின் இரண்டோடும் போக வேண்டியிருப்பதால் இரண்டும் உண்டு. எல்.எச்.பி. பெட்டியில் பஃபர் ஒட்டிய மாடலைத் திருத்தச் சொல்லலாம்.

வாப்-7-இல், பெட்டிகளுக்கு ஏ.சி.யும் விளக்கும் இன்ஜினிலிருந்தே கொடுக்கும் வசதி வந்த பிறகு, முகப்பில் தடித்த கேபிள் சாக்கெட்டுகள் வந்தன. நீங்கள் எடுத்துக்கொண்ட தேதிக்கு முன்பா பின்பா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலருடைய மாடலில் இரண்டு காலம் கலந்துவிடுகிறது.

தலைவிளக்குக்கு மேலோ கீழோ மஞ்சள் ஃபிளாஷர் ஒன்று. ஆபத்து நேரத்தில் மட்டும் மினுக்குவது அது. டிகோடரில் எப்போதும் மினுக்கும்படி வைத்தால் பார்க்கிறவருக்கு வேடிக்கை. ரயில்வேக்காரர் வந்து பார்த்தால் பதறுவார்.

ஆல்கோ போகி

வாரணாசியில் 1964 முதல் செய்த டபிள்யூ.டி.எம்.-2, 2600 குதிரைத்திறன், ஆல்கோ வடிவம். அதன் போகியில் மூன்று ஆக்சிலும் சம இடைவெளியில் இருக்காது. இரண்டு நெருங்கியிருக்கும், ஒன்று தள்ளியிருக்கும். வெளிநாட்டு டீசலின் போகியை எடுத்து இதற்குப் பொருத்துகிறவர்கள் இதைத்தான் கோட்டை விடுவார்கள். உடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சம இடைவெளிப் போகி மேல் நின்றால் அது டபிள்யூ.டி.எம்.-2 இல்லை. கீழே சரியாக இருந்து மேலே சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

எக்ஸ் கிளாஸ்

தமிழ்நாட்டில் மாடல் செய்யத் தகுந்த இன்ஜின் எது என்று கேட்டால் நீலகிரி எக்ஸ் கிளாஸ்தான். செய்யக் கஷ்டமானதும் அதுதான். ஸ்விட்சர்லாந்தில் விண்டர்தூர் எஸ்.எல்.எம். தொழிற்சாலையில் பிறந்தது. மேட்டுப்பாளையம்–உதகை 46 கி.மீ.; கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. ஏற்றம் ஏறத்தாழ பன்னிரண்டுக்கு ஒன்று. மேசையில் ஒரு மீட்டருக்கு எட்டு சென்டிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். சாதாரண மாடல் இன்ஜின் பெட்டியோடு அதில் வழுக்கி நிற்கும்.

பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றின் மேல் ஒன்று. கீழே இருப்பது சாதாரணச் சக்கரத்துக்கு. மேலே இருப்பது நடுவில் உள்ள பற்களைப் பிடிக்கும் சக்கரத்துக்கு. சமதளத்தில் கீழ் சிலிண்டர் மட்டும் வேலை செய்யும். பல்பாதையில் ஏறியதும் கீழே வேலை முடித்த நீராவி மேலே போய் இரண்டாவது முறை உழைக்கும். மேல் சிலிண்டரின் விசை கியர் வழியாகப் போவதால் அதன் கிராங்க் எதிர்த்திசையில் சுற்றும். மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் என்று கம்பிகள் ஆடுவதை ஒரு கை அகல மாடலில் கொண்டுவருவதுதான் சவால். இரண்டையும் ஒரே திசையில் சுற்றவிட்ட மாடல் பார்வைக்கு அழகாக இருக்கலாம். எக்ஸ் கிளாஸ் ஆகாது.

இன்னொன்று. மலை ஏறும்போது இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை. கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. பெட்டிகளில் பிரேக்மேன்கள் நிற்பார்கள். மாடல் மேசையில் இன்ஜினை முன்னால் வைத்து மலை ஏற்றுகிறவர்கள் குன்னூர் வரை ஒருமுறை டிக்கெட் எடுத்துப் போய் வரலாம். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதை. அதற்குப் புதிய எக்ஸ் கிளாஸ் இன்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையே செய்து கொடுத்திருக்கிறது.

போய்ப் பார்க்க

புனேயில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம். 1998 ஏப்ரல் 1-இல் திறந்தது. தனி ஒருவரின் ஆர்வத்தில் வளர்ந்து, மொத்த நகரமும் பாதையுமாக ஓடிக் காட்டும் எச்.ஓ. அமைப்பு. ஓட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே பார்க்கலாம்.

அளவு எடுக்க: சென்னை ஐ.சி.எப். பக்கம் உள்ள ரயில் அருங்காட்சியகம், திருச்சி அருங்காட்சியகம், டெல்லியில் 1977 முதல் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகம். நிற்கும் இன்ஜினை டேப் வைத்து அளக்கலாம். யாரும் விசில் ஊத மாட்டார்கள். ஆனால் அங்கே அடித்திருக்கும் நிறத்தை நம்ப வேண்டாம். அது தோட்டத்துக்கு அடித்த பெயின்ட்.

வந்தே பாரத்

2023 ஏப்ரலில் கோவைக்கு வந்தது, திருப்பூரிலும் நிற்கிறது. பெரம்பூரில் செய்தது. தனி இன்ஜின் இல்லாத வண்டி. பிள்ளைகள் இப்போது கேட்கும் மாடல் அதுதான். செய்து கொடுப்பதில் தவறில்லை. மூக்கு ஒன்று, மோட்டார் ஏதோ ஒரு பெட்டிக்கு அடியில். இன்ஜின் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அதில் வேலை குறைவு.

ஒரு வேண்டுகோள்

வாப்-4 தயாரிப்பு 2015-இல் நின்றது. ஈரோடு, அரக்கோணம் ஷெட்களின் வாப்-4கள் இன்னும் நம் பாதையில் ஓடுகின்றன; எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். திருப்பூர், ஊத்துக்குளி, வஞ்சிபாளையம், சோமனூர் நிலையங்களில் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் போனை எடுக்கும்போது முகப்பை மட்டும் எடுக்காதீர்கள். நடைமேம்பாலத்திலிருந்து கூரை. பிளாட்பாரத்திலிருந்து போகி, நேர்ப் பக்கவாட்டில். எண் தெரியும்படி ஒன்று. பிளாட்பாரம் விட்டு இறங்க வேண்டாம். படத்தைப் போனிலேயே பூட்டி வைக்காமல் பிரதி எடுத்து இன்னும் இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். பொள்ளாச்சி மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்துவிட்டது. அங்கே ஓடிய ஒய்.டி.எம்.-4-இன் கூரைப் படம் வேண்டுமென்று இன்று கேட்டால், எனக்குத் தெரிந்த வட்டத்தில் ஒருவரிடமும் இல்லை.